ஒப்பிட்டுப் பார்க்கப் போனதுதான்: 2008 ஈ1000ஈ பழுது, ஒரு நிகழ்வு ஆய்வு

2008 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் லினக்ஸ் 2.6.27-இன் சோதனைப் பதிப்புகளைப் போட்ட சில கணினிகளில் நெட்வொர்க் போர்ட் செத்துப்போனது. ரீபூட் செய்தும் வரவில்லை. நேற்று வரை ஓடிய பழைய கெர்னலை (லினக்ஸின் மைய நிரல்) பூட் செய்தும் வரவில்லை. கெர்னல் லாகில் ஒரே ஒரு வரி இருந்தது: என்விஎம் செக்சம் செல்லாது. அதாவது கார்டின் அழியாத நினைவகத்தில் சரிபார்ப்புக் கூட்டல் தப்பியிருக்கிறது. அந்த வரியோடு, கார்டை இயக்கும் நிரலான டிரைவர் அதைக் கைவிட்டு வெளியேறிவிடும்.

டிரைவர் பழுது எவ்வளவு மோசமாக இருந்தாலும் ரீபூட் செய்தால் தடயமில்லாமல் போய்விடும், கெட்டது ரேமில் இருக்கும் தகவல் என்பதால். இங்கே கெட்டது போர்டில் இருக்கும் ஃபிளாஷ், மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம். பாதிக்கப்பட்டவை இன்டெலின் 82566, 82567 கிகாபிட் பாகங்கள், அதாவது ஐசிஎச்8, ஐசிஎச்9 சிப்செட்டோடு மதர்போர்டிலேயே பதிந்து வருபவை. கழற்றி வேறு கார்டு மாட்ட முடியாது. டிரைவரின் பெயர் ஈ1000ஈ.

பழி உடனே அந்த டிரைவர் மேல் விழுந்தது. அதற்கு நியாயமும் இருந்தது. பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுகளை பழைய ஈ1000 டிரைவரிலிருந்து புதிய ஈ1000ஈ-க்கு மாற்றும் வேலை அந்தச் சமயத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. புது டிரைவர், புதுப் பழுது: கணக்கு சரியாக வருகிறதே! உண்மையில் ஃபிளாஷில் எழுதிய கை வேறொன்று. அதற்கும் நெட்வொர்க்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஃபிளாஷில் என்ன இருக்கிறது

ஐசிஎச்8, ஐசிஎச்9 போர்டுகளில் நெட்வொர்க் பாகத்துக்கெனத் தனி ஈஈப்ராம் நினைவக சிப் கிடையாது. கணினியை எழுப்பும் பயாஸ் இருக்கும் அதே ஃபிளாஷ் சிப்பில் ஒரு பகுதி நெட்வொர்க்குக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். அது தலா 4 கிலோபைட் கொண்ட இரண்டு வங்கிகளாகப் பிரிந்திருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் செல்லுபடியாகும். ஒரு வங்கியில் 16 பிட் அகலத்தில் 2048 சொற்கள். முதல் மூன்று சொற்கள் மேக் முகவரி, நெட்வொர்க்கில் கார்டின் தனி அடையாள எண். அதற்குப் பின்னால் சாதன எண், மின்சேமிப்பு அமைப்புகள், எல்இடி எப்படி மின்ன வேண்டும் என்பது வரை வரும்.

முதல் 64 சொற்களையும் கூட்டினால் கீழ் 16 பிட்டில் 47,802 வர வேண்டும். அப்படி வருவதற்காகவே 64-ஆவது சொல் சரிக்கட்டி எழுதப்பட்டிருக்கும். டிரைவர் ஏறும்போது இந்தக் கூட்டலைச் செய்து பார்க்கும். ஒரு பிட் மாறியிருந்தாலும் கூட்டல் தப்பும், கார்டைத் தொடாமல் விலகிக்கொள்ளும். கெட்டுப்போன மேக் முகவரியோடு நெட்வொர்க்கில் இறங்குவதைவிட இது நல்லதுதான். ஆனால் பக்கவிளைவு ஒன்று உண்டு. டிரைவர் விலகியதும் ஈத்0 என்ற இடைமுகமே இருக்காது. இடைமுகம் இல்லாமல் ஈத்டூல் என்ற கட்டளையை வைத்து ஃபிளாஷைச் சரிசெய்யவும் முடியாது. பூட்டைத் திறக்கும் சாவி பூட்டிய வீட்டுக்குள்ளேயே கிடக்கிற நிலை.

முதல் வேலை: பரவாமல் தடுப்பது

காரணம் தெரியும்வரை காத்திருக்க முடியாத பழுது இது. ஒவ்வொரு பூட்டும் ஒரு போர்டைக் கொல்லக்கூடும். அதனால் செப்டம்பர் பிற்பகுதியில் சோதனைப் பதிப்பு வெளியிட்டிருந்த உபுண்டு போன்ற லினக்ஸ் விநியோகங்கள் அவசரமாகச் செயல்பட்டன. உபுண்டு தன் 8.10 சோதனைப் பதிப்பில் ஈ1000ஈ மாட்யூலையே (தேவைப்படும்போது கெர்னலில் ஏறும் நிரல் துண்டு) தடைப்பட்டியலில் போட்டது. இந்த இன்டெல் பாகம் உள்ள கணினியில் இந்தப் பதிப்பைப் போடாதீர்கள் என்ற எச்சரிக்கை பல விநியோகங்களிலிருந்து வந்தது.

இன்னும் சாகாத கார்டு வைத்திருந்தவர்களுக்கு இன்டெல் தரப்பிலிருந்து வந்த அறிவுரை எளிமையானது: ஈத்டூலைச் சின்ன ஈ கொடியோடு ஓட்டி, ஃபிளாஷின் உள்ளடக்கத்தை ஒரு கோப்பில் எடுத்து வேறு இயந்திரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பு சில கிலோபைட் உரைதான். ஆனால் அது இருந்தவர்களுக்குப் போர்டு திரும்பி வந்தது. ஒரே மாடல் இன்னொரு போர்டிலிருந்து எடுத்த நகல் அப்படியே உதவாது, முதல் மூன்று சொற்களில் வேறு மேக் முகவரி இருக்கும் என்பதால். அவற்றை மட்டும் கையால் மாற்றி செக்சத்தைத் திரும்பக் கணக்கிட வேண்டும்.

சந்தேகம் சுற்றிய இடங்கள்

ஈ1000ஈ-இன் நிரலைக் கூர்ந்து படித்தபோது உண்மையாகவே ஓட்டைகள் கிடைத்தன. ஃபிளாஷைத் தொடும் முன் டிரைவர் ஒரு கொடியைப் பிடிக்க வேண்டும். கார்டின் ஒரு பதிவேட்டில் உள்ள ஒரு பிட் அது. வன்பொருளுக்குள்ளேயே ஓடும் ஃபர்ம்வேரும் டிரைவரும் ஒரே நேரத்தில் ஃபிளாஷுக்குள் நுழையாமல் இருக்க அது காவல். டிரைவர் அந்த பிட்டை 1 ஆக்கும், திரும்பப் படிக்கும், 1 என்று வந்தால் கொடி தன் கையில் என்று எடுத்துக்கொள்ளும்.

ஃபர்ம்வேருக்கு எதிராக இது போதும். டிரைவரின் இரண்டு பகுதிகள் ஒரே நேரத்தில் ஓடினால் போதாது. கண்காணிப்பு வேலை ஒரு சிபியுவில், ஈத்டூல் கேட்ட வாசிப்பு இன்னொரு சிபியுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது பிட்டை 1 ஆக்கிவிட்டது. இரண்டாவதும் 1 எழுதி, 1 என்று படித்து, தனக்கே கிடைத்ததாக நினைத்து உள்ளே போகிறது. கதவுக்கு வெளியே காவல் இருக்கிறது, வீட்டுக்குள் ஆளுக்காள் மோதிக்கொள்கிறார்கள். இதற்கு மியூடெக்ஸ் ஒன்று, அதாவது ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விட்டு மற்றவரைக் காக்க வைக்கும் பூட்டு, சேர்க்கப்பட்டது. சேர்த்ததும் இன்னொன்று வெளிப்பட்டது: வன்பொருள் குறுக்கிட்டு அழைக்கும் இன்டரப்ட் சூழலிலிருந்தும் இந்தப் பாதைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அங்கே மியூடெக்ஸுக்காகத் தூங்கக் கூடாது. அதையும் தனியே திருத்தினார்கள்.

அசல் பிழைகள்தான் இவை, திருத்தியதும் சரிதான். ஆனால் கார்டுகள் சாவது இவற்றால் அல்ல. பழுதுதேடலில் அடிக்கடி வழிதவறும் இடம் இது. கூர்ந்து படித்தால் எந்த டிரைவரிலும் ஏதாவது கிடைக்கும், கிடைத்ததையே காரணம் என்று மூடிவிடத் தோன்றும். 2.6.26-லும் இருந்த ஓட்டை ஏன் 2.6.27-இல் மட்டும் கொல்கிறது என்ற கேள்விக்கு இந்தத் திருத்தங்களில் பதில் இல்லை.

அடுத்து, திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் சர்வர் மேல் பார்வை திரும்பியது. எக்ஸ் அக்காலத்தில் பயனர் பக்கத்திலிருந்தே பிசிஐ சாதனங்களின் நினைவகத்தை நேரடியாகத் தொடும் பழக்கமுள்ளது. தப்பான முகவரியில் அது எழுதியிருக்கலாம் என்பது நியாயமான ஊகம். அதுவும் இல்லை என்றானது.

யார் எழுதினாலும் பிடிபட ஒரு பொறி

இந்தக் கட்டத்தில் டிரைவர் பொறியாளர்கள் போட்ட ஒரு பேட்ச் (நிரல் மாற்றம்) நினைவில் வைக்கத்தக்கது. டிரைவர் ஏறும்போது ஃபிளாஷ் பதிவேடுகளை ஐஓ-ரீமேப் என்ற கெர்னல் வசதி மூலம் கெர்னல் முகவரிவெளியில் பதிக்கிறது. டிரைவர் இறங்கும்வரை அந்தப் பதிவு திறந்தே கிடக்கும். உண்மையில் இடைமுகம் எழுந்தபின் அதைத் தொட வேண்டிய தேவை மிக அரிது. ஆகவே அந்தப் பக்கத்தை வாசிப்புக்கு மட்டும் என்று மாற்றிவிட்டு, டிரைவர் தானே எழுதும் ஒருசில கணங்களில் மட்டும் எழுத அனுமதிப்பது. வேறு யார் எழுதினாலும் பேஜ் ஃபால்ட் என்ற பிழை வரும், எழுதியவரின் ஸ்டேக் டிரேஸ், அதாவது எந்தெந்த அழைப்புகள் வழியே அங்கே வந்தார் என்ற தடம், லாகில் விழும். ஓசையில்லாமல் கெடுக்கும் பிழையை ஓசையோடு விழும் க்ராஷாக மாற்றும் உத்தி. ஒரு டிரைவரில் நினைவகக் கெடுதலைத் தேடுபவர்கள் இதை இன்றும் செய்யலாம்.

இந்த வழக்கில் உண்மையான குற்றவாளி இந்தப் பொறியில்கூட ஸ்டேக் டிரேஸ் கொடுத்திருக்காது. ஏன் என்பது கீழே வருகிறது.

பைசெக்ட்: போர்டுகளைப் பலிகொடுத்து

மிஞ்சிய வழி கிட் பைசெக்ட். நல்ல பதிப்பு ஒன்று, கெட்ட பதிப்பு ஒன்று, நடுவில் பிளந்து பிளந்து போனால் குற்றவாளி கமிட், அதாவது பழுதைக் கொண்டுவந்த அந்த ஒரு நிரல் மாற்றம், கிடைக்கும். 2.6.27 முழுவதிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. 14 படிகளில் முடிய வேண்டிய வேலை.

வழக்கமான பைசெக்டுக்கும் இதற்கும் இரண்டு வித்தியாசம். ஒன்று, கெட்டது என்ற தீர்ப்பு கிடைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு போர்டு செத்திருக்கும். சொந்த மடிக்கணினியை வைத்து இதைச் செய்ய யாரும் முன்வர மாட்டார்கள். இன்டெலின் ஆய்வகத்தில் வன்பொருளைக் குவித்து வைத்துக்கொண்டு செய்தார்கள்.

இரண்டாவது, பழுது ஒவ்வொரு பூட்டிலும் வருவதில்லை. கெட்டது என்பதை ஒரு பூட்டில் சொல்லிவிடலாம், நல்லது என்பதைச் சொல்வதுதான் கடினம். பத்து பூட்டில் ஒருமுறை வரும் பழுது என்றால், 95 சதவீத நம்பிக்கையோடு "இந்தக் கமிட் நல்லது" என்று சொல்ல 29 பூட் பார்க்க வேண்டும். இருபதில் ஒருமுறை என்றால் 59. ஐந்தில் ஒருமுறை என்றால் 14 போதும். ஒரே ஒரு படியில் அவசரப்பட்டு நல்லது என்று குறித்துவிட்டால் மிச்சப் படிகள் அனைத்தும் வீண், சம்பந்தமில்லாத கமிட்டில் போய் நிற்கும். இதைப் போன்ற இடைவிட்ட க்ராஷ்களைத் தேடுபவர்கள் முதலில் பழுது வரும் விகிதத்தைக் கணக்கெடுத்துக்கொண்டு, பூட் எண்ணிக்கையை முடிவு செய்துகொண்டு, பிறகுதான் பைசெக்டில் இறங்க வேண்டும். கெர்னல் அமைப்புக் கோப்பையும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். இந்த வழக்கில் அது மிக முக்கியம், ஏனென்றால் பழுது ஒரு குறிப்பிட்ட அமைப்புத் தேர்வு இயங்கும்போது மட்டுமே வரும்.

பைசெக்ட் போய் நின்ற இடம் எஃப்ட்ரேஸ்.

எஃப்ட்ரேஸ் அங்கே என்ன செய்துகொண்டிருந்தது

எஃப்ட்ரேஸ் கெர்னலில் எந்தச் செயற்கூறு எப்போது அழைக்கப்படுகிறது என்று தடம்பிடிக்கும் வசதி. 2.6.27-இல்தான் கெர்னலுக்குள் வந்தது. கெர்னலைக் கம்பைல் செய்யும் ஜிசிசிக்கு ஒரு கொடி கொடுத்தால் ஒவ்வொரு செயற்கூற்றின் தொடக்கத்திலும் எம்கவுண்ட் என்ற சிறு நிரலுக்கு ஓர் அழைப்பைச் செருகும். எக்ஸ்86-இல் அந்த அழைப்பு 5 பைட்.

தடம்பிடிக்காத நேரத்திலும் இத்தனை ஆயிரம் அழைப்புகள் நடந்தால் கெர்னல் மந்தமாகும். அதற்காக வந்தது டைனமிக் எஃப்ட்ரேஸ். ஒரு செயற்கூறு முதல்முறை ஓடும்போது எம்கவுண்ட் அந்த இடத்தின் முகவரியைக் குறித்துக்கொள்ளும். பின்னணியில் ஒரு கெர்னல் திரெட் நொடிக்கு ஒருமுறை விழித்து, புதிதாகக் குறித்தவை இருந்தால் எல்லா சிபியுக்களையும் நிறுத்திவைத்துவிட்டு, அந்த 5 பைட் அழைப்புகளை எதுவும் செய்யாத 5 பைட் கட்டளையாக மாற்றி எழுதும். அடுத்தமுறை முதல் அந்தச் செயற்கூறு தடையில்லாமல் ஓடும்.

முகவரியைக் குறிப்பதற்கும் அங்கே எழுதுவதற்கும் நடுவே ஒரு நொடி வரை இடைவெளி. அந்த இடைவெளியில்தான் வில்லங்கம்.

ஒரு மாட்யூல் ஏறும்போது அதன் தொடக்க நிரல் தனித் துண்டாக ஏறும். ஒருமுறை ஓடும், வேலை முடிந்ததும் கெர்னல் அந்த நினைவகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். தொடக்க நிரல் ஓடியபோது எம்கவுண்ட் அதன் முகவரியைக் குறித்துவிட்டது. இப்போது அந்த முகவரி காலி. மாட்யூலையே இறக்கினாலும் இதே கதை. பூட் நேரத்தில், சாதனங்களைக் கண்டறியும் யூடெவ் வரிசையாக டஜன்கணக்கில் மாட்யூல்களை ஏற்றிக்கொண்டிருக்கும். காலியான முகவரி காலியாகவே கிடக்காது.

32 பிட் எக்ஸ்86 கெர்னலில் மாட்யூல்களுக்கான இடம் விமாலாக் என்ற முகவரிப் பகுதியிலிருந்து வருகிறது. ஐஓ-ரீமேப்புக்கான இடமும் அதே பகுதியிலிருந்துதான் வருகிறது. ஆக, ஒரு மாட்யூலின் தொடக்க நிரல் விட்டுப்போன முகவரியில், அடுத்து ஏறும் ஈ1000ஈ தன் ஃபிளாஷ் பதிவேடுகளைப் பதிக்கலாம். 64 பிட்டில் மாட்யூல்களுக்குத் தனி முகவரிவெளி உண்டு, அங்கே இந்தச் சந்திப்பு நிகழாது.

பின்னணித் திரெட் விழிக்கிறது. அதன் குறிப்பேட்டில் பழைய முகவரி. அங்கே போய் எழுதப் பார்க்கிறது. முகவரி செல்லுபடியானது, எழுதவும் முடியும். ஆனால் அதன் பின்னால் இருப்பது ரேம் அல்ல, ஃபிளாஷ் கட்டுப்படுத்தி.

இதை எழுதியவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். மாட்யூல் நிரலும் தொடக்க நிரலும் காணாமல் போகலாம், மாறிவிடலாம் என்று அந்த இடத்திலேயே குறிப்பு எழுதி, இரண்டு பாதுகாப்பு வைத்திருந்தார்கள். முகவரி செல்லாததாகிவிட்டால் ஃபால்ட் வரும், அதை விதிவிலக்கு அட்டவணை மூலம் பிடித்து அமைதியாக "தோற்றது" என்று குறித்துக்கொண்டு போய்விடும். அங்கே வேறு நிரல் வந்து உட்கார்ந்திருந்தால்? அதற்காகத்தான் கம்பேர்-எக்ஸ்சேஞ்ச் கட்டளை: அங்கே இருக்கும் 4 பைட் நாம் எதிர்பார்க்கும் அழைப்புதானா என்று ஒப்பிட்டு, ஆம் என்றால் மட்டும் புதியதை எழுது. ஒத்துப்போனால் ஐந்தாவது பைட்டைத் தனியே எழுது.

ஒத்துப்போகாவிட்டால் ஒன்றும் எழுதாது என்றுதான் படிப்பவர்கள் நினைப்பார்கள். எக்ஸ்86 சிபியு அப்படிச் செய்வதில்லை. ஒப்பீடு தோற்றாலும் படித்த மதிப்பையே திரும்ப அதே இடத்தில் எழுதும். பஸ்ஸில் எப்போதும் ஓர் எழுத்துச் சுழற்சி உண்டு. இன்டெலின் கட்டளைக் கையேட்டிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது.

ரேமில் இதனால் ஒரு பாதிப்பும் இல்லை. இருந்த மதிப்பையே எழுதினால் என்ன ஆகிவிடும்? சாதனப் பதிவேட்டில் கதை வேறு. ஐசிஎச் ஃபிளாஷ் கட்டுப்படுத்தியின் நிலைப் பதிவேட்டில் சில பிட்கள் 1 எழுதினால் அழிபவை. படித்த 1-ஐத் திரும்ப எழுதினால் நிலை மாறிவிடும். அதை ஒட்டினாற்போல் கட்டுப்பாட்டுப் பதிவேடு. அதில் ஒரு பிட் "புறப்படு". பக்கத்து இரண்டு பிட்கள் படிப்பதா, எழுதுவதா, அழிப்பதா என்று சொல்பவை. இன்னும் சில பைட் தள்ளி முகவரியும் தரவும். பதிவேட்டில் எழுதுவது கட்டளை இடுவதற்குச் சமம். என்ன மதிப்பு என்பது இரண்டாம் பட்சம், எழுதினாய் என்பதே போதும்.

முன்னால் சொன்ன பொறிக்குத் திரும்புவோம். ஃபிளாஷ் பக்கத்தை வாசிப்புக்கு மட்டும் என்று மாற்றினால் கம்பேர்-எக்ஸ்சேஞ்ச் அங்கே ஃபால்ட் ஆகும். ஆனால் எஃப்ட்ரேஸ் தன் ஃபால்டைத் தானே விழுங்கிக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. கார்டு பிழைத்திருக்கும், லாகில் ஒரு வரிகூட வந்திருக்காது, பழுது மாயமாக மறைந்ததாகத் தோன்றியிருக்கும். முன்னெச்சரிக்கையாக வைத்த பாதுகாப்பே குற்றவாளிக்கு முகமூடி.

இத்தனையும் கூடிவந்தால்தான் ஒரு போர்டு சாகும்: 32 பிட் கெர்னல், டைனமிக் எஃப்ட்ரேஸ் இயக்கத்தில், ஒரு மாட்யூலின் தொடக்க நிரல் ஓடி முடிந்து விடுவிக்கப்பட்ட ஒரு நொடிக்குள் ஈ1000ஈ அதே முகவரியைப் பிடிக்க வேண்டும், அதற்குள் பின்னணித் திரெட் விழிக்க வேண்டும், எழுத்து ஆபத்தான பதிவேட்டில் விழ வேண்டும். ஒருவருக்கு முதல் பூட்டிலேயே போனதும், இன்னொருவருக்கு வாரக்கணக்கில் ஒன்றும் ஆகாததும் இதனால்தான். மற்ற சாதனங்களின் பதிவேடுகளிலும் இதே எழுத்து விழுந்திருக்கலாம். அவை ரீபூட்டில் சரியாகிவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அழியாத நினைவகத்தை இப்படித் திறந்து வைத்திருந்ததால் ஈ1000ஈ மட்டும் மாட்டிக்கொண்டது.

திருத்தங்கள், வந்த வரிசையில்

காரணம் தெரிவதற்கு முன்பே டிரைவர் பக்கம் ஒரு காப்பு உள்ளே வந்துவிட்டது. ஐசிஎச் ஃபிளாஷ் கட்டுப்படுத்தியில் பாதுகாப்பு எல்லைப் பதிவேடுகள் உண்டு. நெட்வொர்க் பகுதியின் தொடக்கமும் முடிவும் அதில் எழுதி, எழுதத் தடை என்ற பிட்டைப் போட்டுவிட்டால் வன்பொருளே எழுத்தையும் அழிப்பையும் மறுக்கும். அந்தத் தடையையும் யாரும் நீக்கிவிடாதபடி நிலைப் பதிவேட்டில் ஒரு பூட்டு பிட் இருக்கிறது. ஒருமுறை போட்டால் வன்பொருள் ரீசெட் வரை திறக்காது. ஈ1000ஈ ஏறும்போதே இதைச் செய்யும்படி மாற்றப்பட்டது. 2008 அக்டோபர் 9 அன்று வெளியான 2.6.27-இல் இது இருந்தது. கார்டுகள் சாவது அதோடு நின்றது.

ஆனால் குற்றவாளி உள்ளேயேதான் இருந்தார். 2.6.27-இல் டைனமிக் எஃப்ட்ரேஸ் அப்படியே இருந்தது, யாருடைய பதிவேட்டிலும் எழுதும் வல்லமையோடு. பைசெக்ட் முடிவு தெரிந்ததும் எஃப்ட்ரேஸின் ஆசிரியர் ஸ்டீவன் ராஸ்டெட் அனுப்பிய பேட்ச் நிரலைத் திருத்தவில்லை. டைனமிக் எஃப்ட்ரேஸ் தேர்வை "உடைந்தது" என்று குறித்து, யாரும் இயக்க முடியாதபடி செய்தது. அக்டோபர் 15 அன்று 2.6.27.1 அதைச் சுமந்து வந்தது. நிலையான பதிப்பில் அவசரத்தில் நுணுக்கமான ரேஸ் (நேரப்போட்டிப் பிழை) திருத்தம் செய்வதைவிட வசதியையே அணைப்பது சரியான முடிவு. தடம்பிடிக்கும் வசதி இல்லாமல் யாருடைய கணினியும் நின்றுவிடாது.

முறையான திருத்தம் 2.6.28-இல், அதே ஆண்டு டிசம்பரில். பின்னணித் திரெட் முழுவதும் தூக்கி எறியப்பட்டது. கெர்னலைக் கம்பைல் செய்யும்போதே ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கோப்பிலும் எம்கவுண்ட் அழைப்புகள் எங்கே என்று கண்டு, முகவரி அட்டவணையைத் தனிப் பிரிவாகச் சேர்த்துவிடும். பூட்டின் தொடக்கத்தில், மற்ற சிபியுக்கள் எழும் முன்பே, எல்லா அழைப்புகளும் மாற்றி எழுதப்படும். மாட்யூல் என்றால் ஏறும்போது, அதன் நிரல் ஓடுவதற்கு முன். மாட்யூல் இறங்கும்போது அதன் குறிப்புகளும் நீக்கப்படும். தொடக்க நிரல்கள் பட்டியலிலேயே சேர்க்கப்படுவதில்லை. குறிப்பதற்கும் எழுதுவதற்கும் இடையிலிருந்த ஒரு நொடி இல்லாமல் போயிற்று.

எழுதும் முறையும் மாறியது. முதலில் பாதுகாப்பாகப் படிப்பது, சாதாரணமாக ஒப்பிடுவது, ஒத்துப்போனால் மட்டும் எழுதுவது. ஒத்துப்போகாவிட்டால் எழுத்தே கிடையாது. எதிர்பாராதது எது நடந்தாலும் விழுங்காமல் உரக்க எச்சரித்து, எஃப்ட்ரேஸ் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும்.

செத்த போர்டை எழுப்புவது

நகல் கோப்பு இருந்தால் வேலை நடக்கும். செக்சம் தப்பினாலும் டிரைவர் ஏறும்படி சோதனைத் தவிர்ப்போடு ஒரு ஈ1000ஈ கம்பைல் செய்துகொள்ள வேண்டும். அதற்கான பேட்சை அந்த நாட்களிலேயே வெளியிட்டார்கள். இடைமுகம் எழுந்ததும் ஈத்டூலைப் பெரிய ஈ கொடியோடு ஓட்டி, இடப்பெயர்ச்சியும் மதிப்பும் கொடுத்து பைட் பைட்டாக எழுத வேண்டும். கைதவறி எழுதிவிடாமல் இருக்க ஒரு மேஜிக் எண் கேட்கும். கார்டின் பிசிஐ சாதன எண்ணை முன்னாலும் இன்டெலின் விற்பனையாளர் எண்ணான 8086-ஐப் பின்னாலும் ஒட்டிய 32 பிட் பதினாறடிமான எண் அது. எண் தப்பினால் டிரைவர் எழுத மறுக்கும். கையால் ஒவ்வொன்றாக அடிக்காமல், நகல் கோப்பைப் படித்து இந்தக் கட்டளையை ஓட்டும் சிறு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்வது நல்லது.

டிரைவர் நேரடியாக ஃபிளாஷில் எழுதாது. நிழல் ரேமில் சேர்த்துவைத்து, செக்சம் கணக்கிட்டு, செல்லுபடியாகாத வங்கியில் முழுவதையும் எழுதி, பிறகே அதைச் செல்லுபடியானதாகக் குறித்து பழையதைச் செல்லாக்காசாக்கும். நடுவில் மின்சாரம் போனாலும் ஒரு வங்கி மிஞ்சும்.

எழுத்துத் தடை வந்த பிறகான டிரைவராக இருந்தால் இன்னொரு படி உண்டு. ரைட்-புரொடெக்ட்-என்விஎம் என்ற மாட்யூல் அளவுருவை 0 என்று கொடுத்து ஏற்ற வேண்டும். சும்மா மாட்யூலை இறக்கி ஏற்றினால் போதாது, பூட்டு பிட் ஏற்கெனவே விழுந்திருக்கும். கணினியை முழுவதும் அணைத்து, மின்னிணைப்பைத் துண்டித்து, மறுபடி போடும்போதே அந்த அளவுருவோடு ஏறும்படி அமைத்திருக்க வேண்டும். இதைத் தெரியாமல் எழுத்து ஏறவில்லையே என்று மணிக்கணக்கில் முட்டிக்கொள்ள நேரும். மீட்டு முடித்ததும் அளவுருவை எடுத்துவிட வேண்டும். இன்றைய கெர்னலின் ஈ1000ஈ-யிலும் அந்த அளவுரு இருக்கிறது. இதை அணைத்தால் என்விஎம் கெட்டுப்போகலாம் என்ற எச்சரிக்கை அதன் விளக்க வரியிலேயே இருக்கிறது.